காட்டுயிர்ப் பாதுகாப்பில் முதல் வேலை: நேர்காணலில் எதைப் பார்க்கிறார்கள்?

திட்ட உதவியாளராக இருப்பவர்:

விலங்கியலோ சூழலியலோ படித்திருந்தால் விண்ணப்பம் முதல் வடிகட்டலைத் தாண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் பட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு எக்செல் தாளை முன்னால் வைத்து, “இதில் என்ன கோளாறு, பாருங்கள்” என்றார்கள். கால்தடமும் எச்சமும் கிடைத்த இடங்களின் பட்டியல் அது. சில வரிகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தன. தேதி சில இடங்களில் நாளில் தொடங்கியது, சில இடங்களில் மாதத்தில். ஒரே விலங்கின் அறிவியல் பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டு. அவற்றைச் சொன்ன பிறகுதான் பேச்சே சூடு பிடித்தது.

சேர்ந்த பிறகு காரணம் புரிந்தது. தொடக்க நிலையில் விலங்கைப் பார்ப்பது குறைவு, அது விட்டுச் சென்றதைப் பதிவு செய்வதே அதிகம். புலிக் கணக்கெடுப்பில் காட்டுப்பாதையின் இருபுறமும் எதிரெதிரே, வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானாகப் படமெடுக்கும் இரண்டு கேமராக்கள் கட்டுவோம். புலியின் இடப்பக்க வரிகள் வலப்பக்கத்தில் அப்படியே இருக்காது, இரண்டும் கிடைத்தால்தான் எந்தப் புலி என்று உறுதியாகச் சொல்ல முடியும். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று கட்டும்போதே பார்த்துவிட வேண்டும். எதிரே நிற்கும் புல்லையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் சூடேறிய புல் காற்றில் அசையும்போதெல்லாம் கேமரா படம் எடுத்துத் தள்ளும். அந்த வெற்றுப் படங்களைப் பிரிப்பதும் நம் தலையில்தான்.

வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் (QGIS), புள்ளிவிவரங்களை அலச உதவும் ஆர் (R) இரண்டும் இலவச மென்பொருள்கள், படிக்கும் காலத்திலேயே பழகிவிடுங்கள். கள அனுபவம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பார்த்த பறவைகளை யாரும் பதிவு செய்யக்கூடிய, 2002 முதல் இருக்கும் இபேர்டு (eBird) இணையதளத்தில் ஒழுங்காகப் பறவைப் பட்டியல் பதிவு செய்து வந்தால், அதையே விண்ணப்பத்தில் காட்டலாம்.

ஆள் தேர்வில் உட்காரும் ஒருவர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி வேறு. “சிறுத்தை ஆட்டை அடித்துவிட்டது. ஆட்டுக்காரர் கோபமாக நிற்கிறார். முதலில் என்ன பேசுவீர்கள்?” பலர் சிறுத்தையின் முக்கியத்துவத்தை விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆடு போன வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரு பெண் மட்டும், “யாருக்காவது அடிபட்டதா என்று கேட்பேன், அப்புறம் பட்டியைப் போய்ப் பார்ப்பேன்” என்றார். பட்டிக்குக் கூரை இருக்கிறதா, இரவில் கதவு மூடப்படுகிறதா என்று பார்த்தால்தான் அடுத்த ஆட்டைக் காப்பாற்ற வழி கிடைக்கும். அவரையே எடுத்தோம்.

களப்பணியில் பழகியவர்:

முதலுதவிப் பயிற்சியும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் விண்ணப்பத்தில் மேலேயே எழுதுங்கள், ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கும் இடங்களில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. பணம் கட்டித் தன்னார்வலராகச் சேரச் சொன்னால் மட்டும், என்ன வேலை, யார் கற்றுத்தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள். குட்டிகளைக் கையில் எடுத்துப் படம்பிடிக்க விடும் இடம் என்றால் வேண்டவே வேண்டாம்.