ஆச்சி போட்ட வேதாளப் புதிர்

குழு: ஆச்சி வீட்டு ஆட்கள்

சென்னை மதினி: ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் இவன் பாத்ரூம் லைட்டைப் போட்டு வாசலில் உட்கார்ந்து டிராகன் கதை படிக்கிறான். காலையில் கணக்குப் பரீட்சை! சித்தப்பா புத்தி அப்படியே வந்திருக்கிறது.

நான்: மதினி, பழியை ஆச்சி மேல் போடுங்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அவளால்தான்.

பெரியண்ணன்: ஆச்சி எங்கேடா டிராகன் கதை சொன்னாள்? வேதாளமும் ஏழு கடல் தாண்டி கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியும்தானே.

நான்: அதுதான் அண்ணே விஷயம். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும், விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். "தெரியாதுன்னு பொய் சொல்லிட்டா?" என்று நான் கேட்டதற்கு, "பொய் சொன்னாலும் வெடிக்கும்ல" என்று ஒரே போடாகப் போட்டாள். மாயம் என்றால் இஷ்டத்துக்கு எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அவள் விட்டதே இல்லை. இன்றைக்கும் ஒரு மாயக்கதையில் ஹீரோ மாட்டிக்கொண்டதும் திடீரென்று புது சக்தி வந்து குதித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன்.

கோவில்பட்டி அத்தை: எங்கம்மா கதை சொன்னா உம் கொட்டணும். சத்தம் நின்னுட்டா தூங்கிட்டான்னு பாதியில நிறுத்திருவா. நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் கொட்டுவ, இவன் ரெண்டாவது நிமிஷமே குறட்டை 😀

பெரியண்ணன்: அத்தை!!

துபாய் தம்பி: எனக்கு அம்புலிமாமா படம்தான் ஞாபகம். ஒரு கையில் வாள், தோளில் பிணம், சங்கர் வரைந்தது. அதற்குப் பயந்து புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பேன்.

நான்: அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது தம்பி. மூலத்தில் வேதாளக் கதை மொத்தம் 25 என்பதுதான் கணக்கு. 1947-இல் ஆரம்பித்த அம்புலிமாமா அது தீர்ந்த பிறகும் விடவில்லை, அதே அச்சில் புதுக்கதை எழுதிப் பல வருஷம் ஓட்டினார்கள். ஆச்சியும் அப்படித்தான் செய்திருப்பாள், ஒரு கதையில் கயத்தாறு சந்தையெல்லாம் வந்தது.

சென்னை மதினி: சரி, அந்தக் கடைசிக் கதை என்ன? உங்கள் அண்ணன் ஏதோ கால் தடம் என்று சொல்லிப் பாதியில் மறந்துவிட்டார்.

நான்: அப்பாவும் மகனும் காட்டுக்குள் போகிறார்கள். மணலில் இரண்டு பெண்களின் கால் தடம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரிய காலுக்கு உரியவளை அப்பா கட்டுவது, சின்னக் காலுக்கு உரியவளை மகன் கட்டுவது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அம்மாவும் மகளும். மகளுக்குத்தான் பெரிய கால்! வாக்கு வாக்குதான், கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு ஜோடிக்கும் ஆளுக்கொரு ஆண் பிள்ளை. அந்தப் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை?

துபாய் தம்பி: அண்ணன் தம்பி.

பெரியண்ணன்: மாமன் மச்சான்.

கோவில்பட்டி அத்தை: இதுக்குத்தான் அன்னைக்கு ராத்திரி வீடே சண்டை போட்டுச்சு. எங்கப்பா பாதியில எந்திரிச்சுப் போயிட்டார்.

நான்: மதினி, பேப்பரில் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்குப் பிறந்தவன் அந்த மகனுக்குத் தம்பி. அப்போது மகனுடைய பிள்ளைக்கு அவன் சித்தப்பா. இந்தப் பக்கம், அம்மாக்காரிக்குப் பிறந்தவன் அவள் மகளுக்குத் தம்பி. அப்போது மகளுடைய பிள்ளைக்கு அவன் தாய்மாமன். அவன் இவனை மாமா என்பான், இவன் அவனைச் சித்தப்பா என்பான்.

பெரியண்ணன்: யார் யாருக்குச் சீர் செய்வது?

நான்: விக்கிரமாதித்தனுக்கே விடை தெரியவில்லை அண்ணே. நிஜமாகவே தெரியாததால் பேசாமல் நடந்தான், தலையும் வெடிக்கவில்லை. காஷ்மீரத்தில் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இதே புதிர் இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு யார் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும்.

கோவில்பட்டி அத்தை: அவ ஆச்சி சொல்லியிருப்பா.

சென்னை மதினி: இவன் பரீட்சை முடிந்து வந்துவிட்டான். புதிரைச் சொன்னேன். பையன்களுக்குப் பதில் பெண் பிள்ளைகள் பிறந்தால் என்று கேட்கிறான்.

கோவில்பட்டி அத்தை: ஒருத்தி அத்தை, இன்னொருத்தி சித்தி. பரீட்சை எப்படி எழுதினானாம், அதைச் சொல்லு முதல்ல.