செல் சாகலைன்னா அது எப்படி கேன்சர்? (அப்பாவுக்கு தோல் லிம்போமா)

முதுநகர்வாசி:
கடலூர் முதுநகர்லேர்ந்து எழுதுறேன். அப்பாவுக்கு இடுப்புலயும் தொடையிலயும் செவப்பா திட்டுத்திட்டா ரொம்ப வருஷமா இருக்கு, படைன்னு நெனச்சு மெடிக்கல்ல வாங்கின ஆயின்மென்ட்தான் தடவிட்டு இருந்தாரு, இப்ப பயாப்சி எடுத்துட்டு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், தோல்ல வர்ற லிம்போமா, அதாவது வெள்ளணு கேன்சர்னு சொல்லிட்டாங்க. சாக வேண்டிய டி செல் சாகாம தோல்ல சேந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு, பின்னாடி கூட்டம் நின்னதால மேல கேக்க முடியல. செல் சாகாம இருந்தா நல்லதுதானே? வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, ஒட்டிக்குமா?

கெடிலக்கரை:
ஒட்டவே ஒட்டாது, மொதல்ல அந்த பயத்த விடுங்க. டி செல்ங்கறது ஒரு வகை வெள்ளணு, கிருமி வந்தா மளமளன்னு பெருகும், வேலை முடிஞ்சதும் முக்கால்வாசி தானா செத்துடணும். அதுக்குன்னே அது மேல ஃபாஸ்னு ஒரு புரதம் இருக்கு, ஃபாஸ் லிகண்ட்னு இன்னொரு புரதம் வந்து அதுல சேந்துச்சுன்னா உள்ள கேஸ்பேஸ் என்சைம்லாம் முழிச்சுக்கிட்டு செல்ல துண்டு துண்டா ஆக்கிடும். இந்த நோய்ல பல பேருக்கு அந்த ஃபாஸ் கொறஞ்சு போயிருக்கு. சில பேருக்கு ஜீன்லயே கோளாறு, சில பேருக்கு ஜீன் நல்லா இருந்தும் மெத்திலேஷனால, அதாவது ஜீன் மேல ஒட்டிக்கற ஒரு வேதிக் குறியால, மூடிக் கெடக்கும். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் வந்த பந்தோபஸ்து போலீஸ் திரும்பிப் போகாம வருஷா வருஷம் அங்கயே தங்கிட்டா எப்படி இருக்கும், அது மாதிரி. மெதுவா சேர்றதாலதான் இத்தன வருஷம் படை மாதிரியே தெரிஞ்சிருக்கு. இது ஒண்ணு மட்டுமே காரணம்னு எடுத்துக்காதீங்க, செல்லுக்குள்ள வேற சிக்னல் கோளாறும் சேந்துதான் வருது.

முதுநகர்வாசி:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. லைட் ட்ரீட்மென்ட்னு சொல்றாங்களே, வெளிச்சத்துல கேன்சர் போகுமா?

வில்லியனூர் அக்கா:
தம்பி, நர்ஸா இருந்தவ சொல்றேன், நம்பிக்கையா செய்யுங்க. நேரோபேண்ட் யூவிபி, அதாவது 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், தோல்ல இருக்கற அந்த டி செல்ல சாக வைக்குது, தானா நடக்காதத வெளியேர்ந்து நடத்தி விடறோம். மெத்தோட்ரெக்சேட்ங்கற மருந்து கூட ஃபாஸ் ஜீன் மேல இருக்கற மெத்திலேஷன கொறைக்குதுன்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. நோய் ரத்தத்துக்குள்ளயும் போயிட்டவங்களுக்கு ஃபோட்டோஃபெரசிஸ்னு ஒண்ணு இருக்கு, வெள்ளணுவ வெளிய எடுத்து சோரலென்னு வெளிச்சம் பட்டா வேலை செய்யற மருந்து கலந்து யூவிஏங்கற இன்னொரு வகை புற ஊதாக் கதிர காட்டி திருப்பி ஏத்துவாங்க, 1987லயே எடெல்சன் குழு எழுதினது. அப்பாவுக்கு இப்ப அது தேவைப்படாம இருக்கலாம். ஸ்டேஜ் என்னன்னு கண்டிப்பா கேளுங்க. திட்டு மட்டும்தான், உடம்புல பத்து சதவீதத்துக்குக் கீழன்னா 1ஏ, அந்த நிலையில பெரும்பாலானவங்க அவங்க வயசுக்காரங்க மாதிரியே ஆயுசோட இருக்காங்க. இன்னொருத்தர்கிட்டயும் கேக்கணும்னா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில தோல் பிரிவும் கேன்சர் பிரிவும் ஒரே வளாகத்துல இருக்கு, பயாப்சி ஸ்லைடு, பிளாக் (சதைய மெழுகுல பதிச்சு வச்ச கட்டி) ரெண்டையும் வாங்கிட்டுப் போங்க. மெடிக்கல்ல வாங்கின அந்த ஆயின்மென்ட் ட்யூபையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க தம்பி, ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா பயாப்சியவே கொழப்பிடும்.