குரல் ஏன் அமுங்குகிறது? வீட்டில் பாட்டு மிக்ஸ் செய்பவர்களின் அனுபவங்கள்

கச்சான்காற்று (தங்கச்சிமடம்)

பக்கத்துத் தெருப் பையன்கள் திருவிழாவுக்கு ஒரு பாட்டை வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து, மிக்ஸ் செய்து (தனித்தனிப் பதிவுகளைச் சமன்செய்து ஒன்றாக்கி) தரச்சொல்லிக் கொண்டுவந்தார்கள். பெண் குரல், கிடார், கீபோர்டு, பேஸ், தபேலா. "அண்ணே, குரல் உள்ளயே கிடக்குது, சத்தத்தைக் கூட்டிவிடுங்க" என்பதுதான் கோரிக்கை. கூட்டினால் குரல் பெரிதானதே ஒழிய வார்த்தை புரியவில்லை.

கோளாறு குரலில் இல்லை. கீபோர்டில் இடது கை பிடித்த கார்டுகள், கிடார் பெட்டியின் முழக்கம், பாடிய பிள்ளையின் குரலில் அடிப்பகுதி, மூன்றும் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் ஏற ஏறச் சத்தம் கீச்சாகும்) நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, ராமேஸ்வரம் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்த மாதிரி. கீபோர்டில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபெல் குறைத்தேன். கிடாரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டு, 250 பக்கமும் லேசாக இறக்கினேன். குரலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடவே இல்லை. அதுவாக முன்னால் வந்துவிட்டது. அப்புறம்தான் குரலில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றரை டெசிபெல் ஏற்றினேன், மெய்யெழுத்துகள் துலங்குவது அந்த வட்டாரத்தில்தான் என்பதால்.

கிடார் வாசித்த தம்பி அருகிலேயே இருந்தான். சோலோ பட்டனை அமுக்கித் தன் கிடாரை மட்டும் கேட்டுவிட்டு, "என்னண்ணே, இப்படிச் சப்பையாக்கிட்டீங்க" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். தனியாகக் கேட்டால் சப்பைதான், மறுக்கவில்லை. முழுப் பாட்டையும் ஓடவிட்டு ஈக்யூவை (இப்படி ஒவ்வொரு ஹெர்ட்ஸ் வட்டாரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) போட்டும் நிறுத்தியும் காட்டினேன். எது ஈக்யூ போட்டது என்று சொல்லாமல்தான். அவன் கை காட்டியது சப்பைக் கிடாரை! சோலோ பட்டன் இரைச்சலையும் கிளிக் சத்தத்தையும் தேடுவதற்கு மட்டும் போதும் என்பது என் கட்சி.

உங்களுக்கு எங்கே மாட்டியது? எழுதுங்கள்.

தோணித்துறை (மண்டபம்)

அண்ணே, எனக்குத் தகராறு முழுக்க அறையோடுதான். 10க்கு 10 அடி, நாலு பக்கமும் பூசின சுவர். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேஸில் ஆழமே இருக்காது. அதே பாட்டைச் சுவரோரம் நின்று கேட்டால் வயிறு அதிரும். ஸ்பீக்கர் மேல்தான் சந்தேகப்பட்டேன், மாற்றிப் பார்த்தும் அதே கதை.

கணக்குப் போட்டால் விஷயம் எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி, அதாவது 3.05 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் போய்த் திரும்பும் தூரம் 6.1 மீட்டர், அதால் 343-ஐ வகுத்தால் வரும் 56 ஹெர்ட்ஸ் பக்கம் நிலையலை (இடம் மாறாமல் நிற்கும் அலை) உண்டாகும். சுவரோரம் அது உச்சம், நடுவில் ஏறக்குறைய பூஜ்ஜியம். அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸ் நடுவில் தூக்கலாக இருக்கும். சதுர அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே எண் வருவதால் இரண்டு மடங்கு தொல்லை. நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர் 56-ஐத் தேவையில்லாமல் ஏற்றுவார், 112-ஐத் தேவையில்லாமல் வெட்டுவார்.

சுவரில் மெத்தையும் போர்வையும் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும், ஆனால் இந்த அடி அலைகளை அவை ஒன்றும் செய்யாது. காதை முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் வைப்பது என்று ஒரு பொதுவழக்கு உண்டு. எனக்கு அது நாலு அடிக்குச் சற்று உள்ளே வந்தது. நாற்காலியை நகர்த்தியதில் கிடைத்தது வாங்கின எந்தப் பிளக்இன்னிலும் (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) கிடைக்கவில்லை.

இன்னொன்று, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் குரல் பதிவில் அடியில் ஓர் உறுமல் ஏறிவிடும். 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் போட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது. பெண் குரலானால் 100 வரை தைரியமாக ஏற்றலாம். மின்சார ஹம் (கரண்டிலிருந்து பதிவில் ஏறும் ரீங்காரம்) வேறு சங்கதி. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று வரிசையாக நிற்கும். 150-இல் வெட்டப்போனால் ஆண் குரலின் சதையும் சேர்ந்து போகும். அதனால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ரெக்கார்ட் செய்கிறேன்.

முத்துச்சிப்பி (கீழக்கரை)

தம்பிமார் எல்லாம் அடியிலேயே நிற்கிறீர்கள், என் பாடு மேலே. வீட்டுப் பிள்ளைகள் தஃப் (ஒருபக்கத் தோல்பறை) தட்டிப் பாடுவதைப் பதிவு செய்வேன். "ஸலாம்", "ஸலவாத்" என்று வரும் இடமெல்லாம் இயர்போனில் காதைக் கிழிக்கும். 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஈக்யூவில் ஒரேயடியாக இறக்கினால் சீறல் குறையும், கூடவே குரல் துணி போர்த்தியது போலாகும். அதனால் டீஎஸ்ஸர்தான் சரி, அந்த எழுத்து வரும் கணத்தில் மட்டும் அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைவிட நல்லது மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைப்பது. பாதிச் சீறல் பதிவாகவே செய்யாது.

தஃப்பில் விரல் தட்டும் "டக்" சத்தமும் குரலின் தெளிவும் 3, 4 கிலோஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும். பாட்டு வரும்போது மட்டும் தஃப்பில் அந்த இடம் 2 டெசிபெல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூ போட்டிருக்கிறேன். பாட்டு நிற்கும் இடத்தில் தஃப் முழுசாக ஒலிக்கும். கேட்கிறவர்களுக்கு ஏதோ செய்திருக்கிறது என்றே தெரியாது.

கால்வாய்க்கரை (பாம்பன்)

நாம் செய்வதைக் கேட்கிறவர்கள் எதில் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். என் அண்ணன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், பாட்டெல்லாம் போன் ஸ்பீக்கரில்தான். சின்ன ஸ்பீக்கர், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாக வராது. மிச்சமிருக்கிற கீழ்ப்பகுதியை டீசல் இன்ஜின் மறைத்துவிடும். "பாட்டுல பேஸே போடலயா?" என்று கேட்டார். 60 ஹெர்ட்ஸில் எவ்வளவு ஏற்றினாலும் அவர் காதுக்குப் போகாது.

பேஸ் டிராக்கில் சாச்சுரேஷன் (ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் சிதைப்பது) லேசாகச் சேர்த்தேன். 60-இன் மடங்குகளான 120, 180, 240 உண்டாகின்றன. அவற்றில் மேலே இருப்பது போனில் கேட்கும், அடியில் இல்லாத 60-ஐ மூளையே ஊகித்துக்கொள்ளும். இப்போது பேஸ் இருக்கிறது என்கிறார்.

சத்த அளவு பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாகக் கேட்கும்போது பேஸ் நம் காதில் குறைவாகத்தான் விழும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடுகளாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி வீட்டில் தூங்குகிறார்களே என்று மெல்ல வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் கூடிப்போகும், பகலில் அலறவிட்டுச் செய்தால் குறைந்துபோகும். ஸ்பீக்கர் வால்யூம் குமிழில் ஒரு கோடு கிழித்து அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

கச்சான்காற்று (தங்கச்சிமடம்)

கீழக்கரை லாத்தா, அந்த டைனமிக் ஈக்யூவை என் தபேலாவுக்குப் போட்டுப் பார்க்கிறேன். ரிலீஸ் நேரம் (இறக்கியதைத் திரும்ப விட எடுக்கும் நேரம்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? தபேலாவில் வலது கை வேகமாக ஓடுவதால் மெதுவாக விட்டால் அடுத்த அடியும் அமுங்கிவிடுமோ என்று பார்க்கிறேன். பாம்பன் தம்பி, மிக்ஸை அனுப்புகிறேன், அண்ணன் போனில் போட்டுக் காட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது.