ஓவர்டேக் பண்ணும்போது நடந்தது: இன்னும் மனசுல நிக்கிறதை எழுதுங்க

காங்கேயத்தான்
கரூர்–காங்கேயம் ரோடு தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணும் விளக்க வேண்டியதில்ல. முன்னால தேங்காய் லோடு லாரி, அதுக்குப் பின்னால ஒரு வெள்ளைக் கார், அப்புறம் நான். லாரியில ரைட் இண்டிகேட்டர் மினுக்குது. எதிர்ல ஈ காக்கா இல்ல. கார்க்காரர் அந்த விளக்கை "வா, தாண்டிப் போ"ன்னு எடுத்துக்கிட்டு ஏறிட்டாரு. பாதி தூரம் போயிருப்பாரு, லாரி அப்படியே வலப்பக்கம் பெட்ரோல் பங்க்குக்குள்ள திரும்புது. டிரைவர் கையை வெளிய விட்டு கதவுல டொம்மு டொம்முன்னு தட்டுறது எனக்குக் கேட்டுச்சு. கார் மண்ணுல இறங்கி, புழுதியோட பங்க் போர்டு ஓரமாப் போய் நின்னுச்சு. அதோட சைடு மிரர் மட்டும் உடைஞ்சு என் பம்பர் வரைக்கும் உருண்டு வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

என்னைக் குடையறது அதுக்கப்புறம் நடந்தது. ரெண்டு பேரும் இறங்கி வந்தாங்க. லாரிக்காரர், "இண்டிகேட்டர் போட்டேன்ல?" கார்க்காரர், "இண்டிகேட்டர் போட்டியேய்யா!" ஒரே விளக்கைக் காட்டி ரெண்டு பேரும் சண்டை. எனக்கு இன்னிக்கு வரைக்கும் யார் பக்கம் சொல்றதுன்னு தெரியல.

மணி_கோவை
இதுல என்னங்க குழப்பம்? லெஃப்ட் போட்டா போலாம். ரைட் போட்டா எதிர்ல வண்டி வருது, போகாதே. இதுகூடத் தெரியாம ஹைவேயில எதுக்கு வர்றாங்க?

நாமக்கல் ரிட்டயர்டு
மணி தம்பி, அப்படி அடிச்சுச் சொல்லாதீங்க. நேஷனல் பர்மிட் வண்டியில பாதி ஆயுசு போச்சு எனக்கு. வடக்கே ரைட் இண்டிகேட்டர் போட்டு "வா வா"ன்னு கூப்பிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கேன். அதே விளக்கை இங்க "வராதே"ங்கறான். இன்னொருத்தன் நிஜமாவே திரும்பறதுக்குப் போடறான். அவன் வண்டி எங்க ஓடிட்டு வந்துச்சுன்னு பின்னால இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? நான் எந்த விளக்கையும் நம்ப மாட்டேன். முன்னால போற வண்டியோட முன்சக்கரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்ப்பேன், பிரேக் லைட் எரியுதான்னு பார்ப்பேன். பக்கத்துல பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம் ஏதாவது இருந்தா ஏறவே மாட்டேன்.

சரி, என் கதை. தாராபுரம் பக்கம் காத்தாலை ரெக்கை ஏத்திட்டுப் போற டிரெய்லர் பார்த்திருப்பீங்க. ரெக்கையோட வால் வண்டியைத் தாண்டிப் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கும். முன்னால ஒரு ஜீப், செவப்புக் கொடி எல்லாம் இருக்கு. முக்குல வண்டி வலப்பக்கம் ஒடிக்குது. பைக்ல வந்த ஒரு பையன், இடப்பக்கம் இடம் இருக்கேன்னு நுழைஞ்சான். தலை வலப்பக்கம் போனா வால் இடப்பக்கம் வீசும்னு அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? கத்துனேன், ஹெல்மெட்டுக்குள்ள கேட்கல. கடைசி நொடியில டேங்க் மேல படுத்தான் பாருங்க, ரெக்கை அவன் முதுகுக்கு மேல தடவிக்கிட்டே போச்சு. எழுந்திரிச்சவன் ஒரு வார்த்தை பேசாம வண்டியைத் தள்ளிக்கிட்டே டீக்கடைக்குப் போனான்.

ஈசிஆர் சைக்கிள்
எல்லாரும் பெரிய வண்டிக் கதையாவே சொல்றீங்க. ஓவர்டேக் பண்ணப்படுறவன் கதை ஒண்ணு.

ஞாயித்துக்கிழமை காலைல திருவான்மியூர்ல இருந்து கோவளம் பக்கம் மிதிக்கிற கும்பல்ல நானும் ஒருத்தன். முட்டுக்காட்டுக்கு முன்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே பக்கத்துல வந்துச்சு. முன்கதவு என்னைத் தாண்டிடுச்சு. பஸ் என்னை முழுசாத் தாண்டலை, அதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துடுச்சுன்னு இடப்பக்கம் ஒடிக்க ஆரம்பிச்சாங்க. பின்சக்கரம் என் முழங்கால் உயரத்துல சுத்துது. நட்டுங்களை ஒவ்வொண்ணா எண்ணியிருக்கலாம், அவ்ளோ பக்கம். மணல்ல இறங்கிட்டேன், சக்கரம் புதைஞ்சு குப்புற விழுந்தேன். படியில நின்ன கண்டக்டர், "ஓரமாப் போக வேண்டியதுதானேப்பா"ன்னாரு. அதுக்கு மேல ஓரம்னா கடல்தான் சார்.

கணக்குப்புலி
ஈசிஆர் தம்பிக்கு, கோபப்படாதீங்க. கண்டக்டர் சொன்னது தப்பு, ஆனா நீங்க ரோட்டு விளிம்பை ஒட்டி ஓட்டினதாலதான் பஸ்ஸுக்கு அந்த இடம் இருந்த மாதிரி தெரிஞ்சிருக்கு. விளிம்புல இருந்து ஒரு மீட்டர் உள்ள ஓட்டுங்க. அப்பத்தான் பின்னால வர்றவன் முழுசா விலகிப் போவான், இல்லாட்டி காத்திருப்பான். மணல்லயும் சறுக்க மாட்டீங்க.

என் அனுபவம் சின்னதுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு காரைத் தாண்ட ஏறினேன். நான் பக்கத்துல வந்ததும் அவன் வேகத்தைக் கூட்டிட்டான். எதிர்ல பால் வண்டி. பிரேக் அடிச்சுப் பழைய இடத்துக்கே வந்தேன். தாண்டப்படுற வண்டி வேகத்தைக் கூட்டக் கூடாதுன்னு விதியே இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் பொதுவா எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். "எதிர்ல ஈ காக்கா இல்ல"ன்னு முதல் பதிவுல இருக்கு. இருவழி ரோட்டுல அந்த வார்த்தையை நம்பாதீங்க, கணக்குப் போடுங்க. லாரி 60-ல போகுது, நீங்க 80. வித்தியாசம் 20, அதாவது நொடிக்கு அஞ்சரை மீட்டர்தான். லாரி நீளம், முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம் எல்லாம் சேர்த்து 50 மீட்டர் முந்தணும்னா 9 நொடி ஆகும். அந்த 9 நொடியில நீங்க 200 மீட்டர் போயிடுவீங்க. எதிர்ல 80-ல வர்றவனும் 200 மீட்டர் வந்துடுவான். 400 மீட்டர் ரோடு சுத்தமாத் தெரிஞ்சாத்தான் ஏறணும். ராத்திரியில டிம் லைட்ல 400 மீட்டர் தெரியுமா?

சட்டமும் கேளுங்க. வளைவு, மேட்டு உச்சி, முக்கு, குறுகின பாலம், பாதசாரிகள் கடக்கற இடம், இங்கெல்லாம் ஓவர்டேக் கூடாது. உங்க பக்கம் தொடர்கோடு இருந்தா தாண்டக் கூடாது. எதிர்ப்பக்கம் தொடர்கோடு, உங்க பக்கம் விட்டுவிட்டு இருந்தா நீங்க தாண்டலாம், அவங்கதான் கூடாது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்புறம் அதோட 184-வது பிரிவுல, சட்டத்துக்கு மாறா ஓவர்டேக் பண்றதையும் ஆபத்தான ஓட்டுதல்னு வெளிப்படையாவே சேர்த்துட்டாங்க. முதல் தடவையே 1,000-ல இருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

காங்கேயத்தான் கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கு. முன்வண்டி வலப்பக்கம் திரும்ப சிக்னல் கொடுத்து ரோட்டு நடுவுக்கு வந்துட்டா, இடப்பக்கமாத்தான் தாண்டணும். லாரி அப்படி நடுவுக்கு வந்திருந்தா, வலப்பக்கம் ஏறின கார்க்காரர் மேலதான் தப்பு.

மணி_கோவை
கணக்கு வாத்தியாரே, 9 நொடி எல்லாம் 80-ல போறவங்களுக்கு. நாங்க 100-ல ஏறி 5 நொடியில முடிச்சுடுவோம்.

கணக்குப்புலி
அப்ப எதிர்ல வர்றவனும் 100-ல வரமாட்டானா?

ஈசிஆர் சைக்கிள்
நான் அட்வைஸ் கேட்கலை சார். ஒரு மீட்டர் உள்ளதான் ஓட்டிட்டு இருந்தேன்.

குரோய்டன்வாசி
மதுரைக்காரன், இப்ப லண்டன் பக்கம். நம்ம ஊர்ல எதிர்ல வர்ற வண்டி ஹெட்லைட் அடிச்சா "நான் நிக்க மாட்டேன், நீ ஒதுங்கு"ன்னு அர்த்தம். இங்க வந்த புதுசுல, குறுகலான தெருவுல எதிர்ல வந்த ஒரு அம்மா லைட் அடிச்சாங்க. நான் பயந்து ஓரமா நின்னுட்டேன். அவங்களும் நிக்கறாங்க. மறுபடி அடிக்கறாங்க, நான் இன்னும் ஓரமாப் போறேன். கடைசியில கையை ஆட்டி "வாய்யா"ன்னு கூப்பிட்டாங்க. இங்க அது வழி விடற அடையாளமாம். இத்தனைக்கும் இங்க உள்ள ஹைவே கோட்ங்கற சாலை விதிப் புத்தகம், நீ அங்க இருக்கன்னு காட்ட மட்டும் லைட் அடி, வேற எதுக்கும் அடிக்காதேங்குது. யாரும் கேட்கறதில்ல.

சைக்கிள் தம்பிக்கு ஒரு தகவல். 2022-ல இங்க அந்த ஹைவே கோட் விதிகளை மாத்தினப்போ, 30 மைல் வேகம் வரைக்கும் சைக்கிளைத் தாண்டும்போது குறைஞ்சது ஒன்றரை மீட்டர் விடணும்னு எழுதிட்டாங்க. குதிரையில போறவங்களுக்கு 2 மீட்டர், 10 மைல் வேகத்துக்குள்ள. தொடர் வெள்ளைக்கோடு இருந்தாலும், சைக்கிள் 10 மைல் அல்லது அதுக்குக் கீழ போனா, வழி சுத்தமா இருந்தா, கோட்டைத் தாண்டி முந்தலாம். கென்ட் பக்கம் ஒரு கிராமத்து ரோட்டுல ஒரு பெரியவர் சைக்கிளுக்குப் பின்னால நான் உருட்டிக்கிட்டே வந்தேன், வளைவு முடியட்டும்னு. என் பின்னால வந்த வேன்காரன் ஹாரன்லயே கை வச்சுட்டு வந்தான். எழுதி வச்சா மட்டும் போதுமான்னு தோணுச்சு.

செம்மேடு டீச்சர்
கொல்லிமலைக் கதை யாரும் எழுதலையா? காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நான் எங்க அண்ணன் பைக்ல பின்னால. முன்னால பஸ், எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல வெளியூர் கார் ஒண்ணு. வலப்பக்க வளைவு. பஸ் ஒடிக்கறதுக்காக முதல்ல இடப்பக்கம் நல்லா விலகிப் போகும், தெரியும்ல? கார்க்காரர் அதை "வழி விடறாங்க"ன்னு எடுத்துக்கிட்டார். வலப்பக்கம் உள்ளே நுழைஞ்சுட்டார். பஸ் திரும்பி முழு ரோட்டையும் எடுத்துக்குச்சு. கார் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு, கதவைக்கூடத் திறக்க முடியல. ஜன்னல் வழியா ஒரு குழந்தை எங்களையே பார்த்துட்டு இருந்துச்சு. மேலே இருந்து இறங்கி வந்த ஜீப்காரர் தன் வண்டியைப் பின்னால எடுத்து இடம் விட்டப்புறம்தான் பஸ் முன்னால நகர முடிஞ்சது.

எங்க அண்ணன், ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கறவங்க நின்னு விடணும்ங்கறார். ஆனா அந்த இடத்துல ஏறுற வண்டியே ரெண்டு இருந்துச்சே?

நாமக்கல் ரிட்டயர்டு
டீச்சரம்மா, எத்தனாவது வளைவு? பஸ் முழுசா ஒடிக்க முடியாம ஒருதடவை பின்னால எடுத்துத்தான் திரும்பற வளைவு ஒண்ணு ரெண்டு அங்க இருக்கு. அதுல சிக்கியிருந்தா பஸ்காரர் பாடு இன்னும் திண்டாட்டம்.