நாலு கார்டு தெரியும், ஒரு பாட்டும் உருப்படியாக வரவில்லை

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். எனக்கு வயது 44, ஊர் பாளையங்கோட்டை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. மகன் அடம்பிடித்து வாங்கிய கிட்டார், அவன் விடுதிக்குப் போன பிறகு பீரோ மேல் கிடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கினேன், திரும்ப மேலே ஏற்றவில்லை.

யூடியூப் பார்த்து ஜி, சி, டி, ஈ மைனர் என்று நாலு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி) பழகியிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிடித்து மீட்டினால் சத்தம் சுத்தமாக வருகிறது. பாட்டு என்று உட்கார்ந்தால்தான் எல்லாம் கலைந்துபோகிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. தொண்ணூறுகளில் வந்தது, பெண் குரல். (பெயரைச் சொன்னால் பேச்சு பாட்டின் பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை.) இணையத்தில் தேடினால் சி ஷார்ப் மைனர், ஏ, ஈ, பி என்று போட்டிருக்கிறார்கள். இதில் பாதி என் விரலுக்கு அடங்காது. சரி, தெரிந்த கார்டை வைத்தே ஒப்பேற்றலாம் என்று ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தால் பாட்டு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன்.

இன்னொன்று, வாயைத் திறந்து பாடத் தொடங்கியதும் வலது கை நின்றுவிடுகிறது. எல்லா வீடியோவிலும் சொல்லித்தரும் அந்த 'கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல்' தட்டும் (வலது கையால் கம்பியை மீட்டும் வரிசை) இந்தப் பாட்டுக்கு ஒட்டவே இல்லை.

விரல் நுனி வேறு எரிகிறது. கம்பி ரொம்ப உயரத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. அளந்து பார்த்தேன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தடித்த கம்பிக்குக் கீழே 4 மில்லிமீட்டர்.

பக்கத்துத் தெருவில் கிட்டார் சொல்லித்தருகிறவர், ஒரு வருடம் பயிற்சி முடித்த பிறகுதான் பாட்டு என்கிறார். ஆடியில் பள்ளித் தோழர்கள் எல்லாம் குற்றாலத்தில் கூடுகிறோம். அதற்குள் இந்த ஒரு பாட்டு வருமா?

மதுரை ரிதம்:

தம்பி, வரும். ஒரு பாட்டுக்கு ஒரு வருடம் எதற்கு? ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்ல மாட்டேன். முதலில் கிட்டாரைப் பார்ப்போம்.

4 மி.மீ. அதிகம். ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.5, மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. பக்கம் இருந்தால் கை நோகாது. கடையில் போய் 'ஆக்‌ஷன் இறக்கணும்' (கம்பி உயரத்தைக் குறைப்பது) என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பீரோ மேல் கோடை முழுக்கக் கிடந்த கிட்டாருக்குக் கழுத்து வளைந்திருக்கலாம், அதை முதலில் சரிபார்ப்பார்கள். அப்புறம் உடல்பக்கம் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டை (சேடில் என்பது) எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்ப்பார்கள். மேலே 1 மி.மீ. இறங்க, சேடிலில் 2 மி.மீ. தேய வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் நீங்களே தேய்க்க இறங்க வேண்டாம், கூடுதலாகத் தேய்ந்துபோனால் புதுச் சேடில்தான் வாங்க வேண்டும். நட்டையும் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைக் கவனித்தால், கம்பி அதன்மேல் மயிரிழை உயரத்தில்தான் நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் புதிதாகப் பழகுகிறவர் விரலைப் பாதி பழுக்கவைப்பது அந்த இடம்தான். கம்பி 12 நம்பர் செட்டாக இருந்தால் அதைவிட மெல்லிய 10 நம்பருக்கு மாற்றிவிடுங்கள்.

இனி பாட்டு. ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிப்பதை நிறுத்துங்கள். அந்த அம்மா பாடிய சுருதி அவர்கள் தொண்டைக்கு அமைந்தது, உங்களுக்கு எதற்கு? நான் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பல வருடம் ரிதம் கிட்டார் வாசித்தவன். மேடை ஏறும்போது பாடகர் காதருகே வந்து, 'அண்ணே, இன்னைக்கு அரைக் கட்டை இறக்கிக்குவோம்' என்பார். இறக்கிக்கொள்வோம். கீழே உட்கார்ந்திருக்கும் ஜனம் ஒன்றும் கேசட்டைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டை உங்கள் இஷ்டத்துக்குப் பாடுங்கள். பல்லவி முடிந்து குரல் நிம்மதியாக வந்து உட்காரும் சுரத்தை 'ம்ம்ம்' என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஆறாம் கம்பியில், அதாவது மிகத் தடித்த கம்பியில், ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி அந்தச் சுரத்தைத் தேடுங்கள். மைனர் கார்டில் வந்து உட்காரும் பாட்டு என்றால் (உங்களுடையது அப்படித்தான்), சுரம் கிடைத்த ஃப்ரெட்டிலேயே கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி ஈ மைனரில் தொடங்குங்கள். அவ்வளவுதான். இணையத்தில் கிடைத்த உங்கள் கார்டுத் தாளில் சி ஷார்ப் மைனர் இருக்கும் இடமெல்லாம் ஈ மைனர், ஏ இருந்தால் சி, ஈ இருந்தால் ஜி, பி இருந்தால் டி. நீங்கள் பழகி வைத்திருக்கும் அதே நாலு கார்டு!

பின்னால் மேஜர் பாட்டு எடுத்தால் ஜியில் தொடங்கலாம். ஜியின் மூலசுரம் ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருப்பதால், கிடைத்த எண்ணில் மூன்றைக் கழித்துக் கேப்போ போட வேண்டும். கேப்போ ஏழைத் தாண்டினால் கிட்டார் மாண்டலின்போல் கீச்சிடத் தொடங்கும். அப்போது வேறு கார்டு குடும்பத்துக்கு மாற வேண்டியதுதான், அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

வலது கை நிற்பதற்கு நீங்கள் பாடுவது காரணமில்லை. இடது கை அடுத்த கார்டைப் பிடிக்கும்வரை காத்திருக்க வலது கையைப் பழக்கிவிட்டீர்கள். அதை மாற்ற இரண்டு வழி உண்டு, இரண்டையும் செய்யுங்கள்.

முதல் வழி, விரலுக்கு வேலையைக் குறைப்பது. மோதிர விரலை இரண்டாம் கம்பி மூன்றாவது ஃப்ரெட்டிலும் சுண்டு விரலை முதல் கம்பி மூன்றாவது ஃப்ரெட்டிலும் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். நடு விரல் ஆறாம் கம்பி மூன்றிலும் ஆள்காட்டி ஐந்தாம் கம்பி இரண்டிலும் இருந்தால் ஜி. அந்த இரண்டு விரலையும் ஒரு கம்பி கீழே நகர்த்தினால் சி, ஆறாம் கம்பியை மட்டும் தட்டாதீர்கள். ஐந்தாம் கம்பி, நாலாம் கம்பி இரண்டிலும் இரண்டாவது ஃப்ரெட்டைப் பிடித்தால் ஈ மைனர். டிக்கு மட்டும் சுண்டு விரலை எடுத்துவிடலாம், மோதிர விரல் அங்கேயே இருக்கும். கறாராகச் சொன்னால் இந்த சியும் ஈ மைனரும் அசல் இல்லை, கூட ஒரு சுரம் ஒட்டிக்கொண்டு வரும். கேட்க நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, கார்டு மாறுவதற்கு முந்தைய கடைசி மேல்தட்டில் (வலது கை கீழிருந்து மேலே வரும் தட்டு) இடது கையைத் தூக்கிவிடுவது. வெறும் கம்பி ஒலிக்கட்டும். கைதேர்ந்தவர்கள் வாசிப்பிலேயே இது உண்டு, காதுக்கு உறுத்தாது. அடுத்த கார்டு அரைகுறையாக விழுந்தாலும் வலது கை நிற்கக் கூடாது. கை தானாக ஓடத் தொடங்கிய பிறகு பாட்டு வரிகளை ராகம் போடாமல் பேசிப் பாருங்கள், பாடுவது அதற்கப்புறம்.

வீணை வகுப்பு:

சார், வீணை சொல்லித்தருகிறவள் நான். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் கிட்டாரும் வைத்திருப்பதால் இந்தச் சிக்கல் எனக்குப் பழக்கம். உங்கள் தட்டு ஏன் ஒட்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வீடியோக்களில் வரும் தட்டு நான்கெண்ணிக்கைக்கு உரியது. நம் சினிமா மெலடிகளில் ஏராளமானவை திஸ்ர நடை, அதாவது மும்மூன்றாக எண்ணுவது. பாட்டைப் போட்டுவிட்டுத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். 'தகதிமி தகதிமி' என்று வாய் சொன்னால் வீடியோ தட்டு பொருந்தும். 'தகிட தகிட' என்று வந்தால் அதை எப்படி நுழைத்தாலும் நுழையாது. திஸ்ரத்துக்கு 'த' வரும்போது கட்டைவிரலால் தடித்த கம்பி ஒன்று, 'கிட'வுக்கு மெல்லிய கம்பிகளை லேசாக இரண்டு தடவை. ஆரம்பத்துக்கு இதுவே போதும்.

அடுத்தது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். வார்த்தை தொடங்கும் இடத்தில்தான் கார்டும் தொடங்கும் என்று நினைத்துப் பலர் முதல் வரியிலேயே தடுக்கிவிழுகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த 'ஹேப்பி பர்த்டே'யை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றெண்ணிக்கைப் பாட்டு. 'ஹேப்பி' தாளத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், கை தட்டாது. 'பர்த்' விழும்போதுதான் ஜி விழும். 'யூ'வில் டி, அடுத்த 'யூ'வில் திரும்ப ஜி, மூன்றாவது வரியில் பெயர் சொல்லும் இடத்தில் சி, கடைசி வரியில் ஜி, டி, ஜி. நாங்கள் இதை அதீத எடுப்பு என்போம். தாளம் விழுந்த பிறகு பாட்டு தொடங்கினால் அநாகதம், அதுவும் சினிமாப் பாட்டில் நிறைய உண்டு. ஒரு வாரம் 'ஹேப்பி பர்த்டே'யைப் பாடிக்கொண்டே வாசியுங்கள். வாய்க்கும் கைக்கும் தனித்தனி வேலை என்பது உடம்புக்குப் பிடிபடும். எப்படியும் வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வரும்.

மதுரை சார் சொன்னதில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. நேரே கார்டுக்குப் போகாமல், பாட்டின் மெட்டை ஒற்றைக் கம்பிகளில் தேடி வாசிக்க வேண்டும். பல்லவி மட்டுமாவது. கார்டு எங்கே மாற வேண்டும் என்பதை அப்போதுதான் தாள் சொல்லாமல் காதே சொல்லும்.

மதுரை ரிதம்:

டீச்சர், தாள விஷயத்தை நான் விட்டுவிட்டேன், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. மெட்டுத் தேடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் தம்பிக்கு ஆடி மாதம் கெடு. மெட்டைத்தான் அவர் வாயால் பாடப்போகிறாரே, விரலும் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? கச்சேரியில் மெட்டை வாசிக்கும் லீட்காரர் வேறு, கார்டு மட்டும் வாசிக்கும் ரிதம்காரர் வேறு. ரிதம்காரன் மெட்டைத் தொடவே மாட்டான்.

வீணை வகுப்பு:

தொடாமல் இருக்கலாம் சார், தெரியாமல் இருக்க முடியாதே.

செங்கோட்டை பாசஞ்சர்:

நான் கிட்டார் வாசிக்கத் தெரியாதவன், ஆனால் குற்றாலத்துக்காரன். ஆடிச் சாரலில் மரச் சாமானைத் திறந்து வைக்காதீர்கள். ஈரத்தில் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், சுருதியும் நிலையாக நிற்காது. உறைக்கு மேல் ஒரு பெரிய பாலித்தீன் பை போடுங்கள். போனில் இருக்கும் ட்யூனர் (சுருதி சேர்க்க உதவும்) ஆப்பை நம்பி வந்த ஒரு கோஷ்டியை மெயின் அருவிப் பக்கம் பார்த்திருக்கிறேன். அருவிச் சத்தத்தில் அது பாவம் எதைக் கேட்கும்? கிட்டார் தலையில் கவ்வும் ட்யூனர் வாங்குங்கள், அது மரத்தின் அதிர்வை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அறையிலேயே வாசித்து முடித்துவிட்டுக் குளிக்கப் போங்கள். எண்ணெய் தேய்த்த கையோடு கம்பியைத் தொட வேண்டாம்!

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி கடையில் கொடுத்து ஆக்‌ஷன் இறக்கி, கம்பியும் மாற்றியாயிற்று. இது வேறு கிட்டார் மாதிரி இருக்கிறது, மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

பாடிப் பார்த்ததில் குரல் ஆறாம் கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் உட்காருகிறது. கேப்போ இரண்டில் போட்டு ஈ மைனர், சி, ஜி, டி என்று வாசிக்கிறேன். டீச்சர் சொன்னதுபோல் பாட்டு 'தகிட'தான். பல்லவி முழுதாக வந்துவிட்டது. வீட்டம்மா அடுக்களையிலிருந்து என்ன பாட்டு என்று கேட்காமலே கூடப் பாடினாள், அதனால் பாட்டு அடையாளம் தெரிகிற அளவுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

சரணத்தில் ஒரே ஓர் இடம் இடிக்கிறது. கடைசி வரி மேலே ஏறிப் பல்லவிக்குத் திரும்பும் இடம். தாளில் பி என்று இருக்கிறது, நான் டி போடுகிறேன். விரல் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் பாடுவதோடு சேராமல் கசக்கிறது. கேப்போ தப்பா, குரல் தப்பா?

வீணை வகுப்பு:

இரண்டும் இல்லை சார், தாள்தான் தப்பு. உங்கள் பாட்டு பெரும்பாலும் நடபைரவி ராகச் சுரங்களில் போகிறது, மேலைநாட்டு மைனர் ஸ்கேல் அதுதான். சரணம் முடியும் இடத்தில் நிஷாதம் (ஏழாவது சுரமான 'நி') மட்டும் அரைச் சுரம் உயர்ந்து கீரவாணி ராகத்தின் சாயல் வருகிறது என்று நினைக்கிறேன். ஈ மைனரில் அந்த உயர்ந்த நிஷாதம் டி ஷார்ப். நீங்கள் கையில் டி பிடித்துக்கொண்டு வாயில் டி ஷார்ப் பாடினால் கசக்காமல் என்ன செய்யும்? அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டே இரண்டாம் கம்பியில் நாலாவது ஃப்ரெட்டை (கேப்போவிலிருந்து எண்ணி) மீட்டிப் பாருங்கள். குரலோடு ஒட்டினால் நான் சொன்னது சரி. இதற்குத்தான் மெட்டைத் தேடச் சொன்னேன், மதுரை சார் கவனிக்கவும்.

மதுரை ரிதம்:

கவனித்தேன் டீச்சர், இந்த இடத்துக்கு மட்டும்!

தம்பி, அங்கே டியை விட்டுவிட்டு பி செவன்த் போடுங்கள், அதில் அந்த டி ஷார்ப் இருக்கிறது. தாளில் இருக்கும் பி வேறு, இது உங்கள் ஈ மைனர் கணக்கில் வரும் பி. ஐந்தாம் கம்பி இரண்டில் நடு விரல், நாலாம் கம்பி ஒன்றில் ஆள்காட்டி, மூன்றாம் கம்பி இரண்டில் மோதிர விரல், இரண்டாம் கம்பி வெறுமனே, முதல் கம்பி இரண்டில் சுண்டு விரல். ஃப்ரெட் எண்ணெல்லாம் கேப்போவிலிருந்து எண்ண வேண்டும். ஆறாம் கம்பியைத் தட்டக் கூடாது. இதற்கு முன்னால் சி வந்தால் விரல் மாற நேரம் பிடிக்கும், அதனால் ஒரு 'தகிட' முன்னாலேயே கையைத் தூக்கிவிடுங்கள். சுண்டு விரல் எட்டவில்லை என்றால் முதல் கம்பியைத் தொடாமல் நடுவில் இருக்கும் நாலு கம்பியை மட்டும் மீட்டுங்கள், குற்றாலத்துக்கு அது போதும்.