1978 அம்பாசிடர் மார்க் 3: ரெஸ்டோர் பண்றதா, பிரிச்சு வித்துடறதா?

மேட்டூர்_மார்க்3

வணக்கம் நண்பர்களே. தாத்தா பேரில் உள்ள 1978 அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். 2007-லிருந்து புளியமரத்தடியில், மண் தரையில் நிற்கிறது. முன்பக்கம் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றினால் என்ஜின் அசையவில்லை. முன்பக்கக் கண்ணாடி ரப்பர் வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆர்.சி. புக் இருக்கிறது, 2008-ல் காலாவதி. தாத்தா இப்போது இல்லை.

பார்த்த மெக்கானிக் "என்ஜின் ஜாம், பிரிச்சு வித்துடுங்க" என்கிறார். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை கேட்கிறார். என்னால் 3 லட்சம் வரை, கொஞ்சம் கொஞ்சமாகப் போட முடியும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

டிங்கர்_பட்டறை

தம்பி, என்ஜினை மறந்துடுங்க. அம்பாசிடருக்குத் தனி சேஸி கிடையாது. பாடிதான் சேஸி. என்ஜின் போனா வேற என்ஜின் கிடைக்கும், ஆனா பாடியோட அடி போனா வண்டியே போச்சு. அதனால முடிவு தரைக்குக் கீழதான் இருக்கு.

முதல்ல ரப்பர் மேட், கீழே இருக்கிற சணல் விரிப்பு எல்லாத்தையும் உருவிப் போடுங்க. பதினெட்டு வருஷமா தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். அப்புறம் ஒரு சின்ன சுத்தி, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும். நல்ல தகடு "டங்"னு கேட்கும், உள்ளே அரிச்சது "டப்"னு மொத்தையாக் கேட்கும். சத்தம் மாறின இடத்துல ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்க. உள்ளே போனா அங்கே தகடு இல்லைன்னு அர்த்தம், மேல பெயிண்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

மூணு இடம் முக்கியம். ஒண்ணு, முன் சீட்டுக்கு அடியில குறுக்கே போற மெம்பர். முன் சஸ்பென்ஷனோட டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யுற கம்பி) ரெண்டும் பின்னால வந்து அதுலதான் மாட்டியிருக்கு. முன்பக்க எடை முழுக்க அங்கே முறுக்கா உட்கார்ந்திருக்கு. ரெண்டு, பின் கட்டையோட (லீஃப் ஸ்பிரிங்) முன் ஹேங்கர் பாடியில சேர்ற இடம். மூணு, கதவுக்குக் கீழே நீளமா ஓடுற சில் பெட்டி. இது உள்ளேயிருந்து வெளியே அரிக்கும், வெளியே கொப்புளம் தெரியும்போது உள் தகடு பாதி போயிருக்கும்.

சில்லுக்கு இன்னொரு சோதனை. ஒரு பலகையை வெச்சு சில்லோட நடுவுல ஜாக்கி கொடுத்து மெதுவாத் தூக்குங்க, கதவு மூடியிருக்கணும். தூக்குறப்போ கதவு இடுக்கு மாறினாலோ, கதவு திறக்க இறுகினாலோ பாடி மடங்குதுன்னு புரிஞ்சுக்கங்க. தகடு நொறுங்குற சத்தம் வந்தா அதோட நிறுத்திடுங்க. வண்டிக்கு அடியில யாரும் படுக்கக் கூடாது.

சில் மட்டும்னா தாராளமா செய்யலாம். ஃப்ளோர் ஓட்டையும் அப்படித்தான். டார்ஷன் பார் மெம்பர், பின் ஹேங்கர் ரெண்டும் சேர்ந்து போயிருந்தா பிரிச்சுடுங்க. அந்தச் செலவுல ஓடுற வண்டியே தேடி வாங்கலாம்.

பி_சீரிஸ்

டிங்கர் அண்ணன் சொன்னதுதான் வரிசை. ஆனா "ஜாம்" என்ற ஒரே காரணத்தால் என்ஜினைத் தள்ளிவிட வேண்டாம். நிறுத்தும்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நிற்கும். ஈரக் காற்று அது வழியாக இறங்கி, பிஸ்டன் ரிங்ஸ் நிற்கிற இடத்தில் துருவை ஏற்றும். பல சமயம் நாலில் ஒன்றோ இரண்டோதான் பிடித்திருக்கும்.

பேட்டரி வைத்து செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். டோ கட்டி இழுப்பதும் கூடாது. பிடித்த ரிங் உடைந்து சிலிண்டரின் உட்சுவரைக் கீறிவிடும், வால்வு பிடித்திருந்தால் புஷ் ராடு வளையும்.

முதலில் சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எடை அதிகம் என்பதால் ஆயிலுக்கு முன் அதுதான் வரும். ஒரு டம்ளர் அளவு என்றால் வருஷக்கணக்கில் உள்ளே சேர்ந்த ஈரம். அரை லிட்டருக்கு மேல் வந்தாலோ, ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ ஹெட்டைக் கழற்றாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும்) ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 மில்லி ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை வற்றினதை நிரப்புங்கள். இதற்கிடையில் ராக்கர் கவரைக் கழற்றி, எட்டு வால்வு ஸ்பிரிங்கின் தலையிலும் மரச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கீழே போய் மேலே வராத வால்வு பிடித்திருக்கிறது.

அதன்பின் கியர் நியூட்ரலில், ஹாண்டிலை இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசையுங்கள். நீளத்துக்குக் குழாய் மாட்ட வேண்டாம். ஒரு நூல் அசைந்தால் போதும், மீண்டும் கலவை ஊற்றிக் காத்திருங்கள். முழுச் சுற்று வந்ததும் பிளக் இல்லாமலே கையால் நாலைந்து சுற்று சுற்றிக் கலவையை வெளியேற்றி, சம்ப்பை வடித்து, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க வேண்டும். நாலு அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகிறதா என்று பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

அசையவே இல்லை என்றாலும் பயமில்லை. வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் போகலாம், அதுவும் மிஞ்சினால் உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போடலாம். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளை மட்டும் எப்படியும் மாற்றுங்கள். உள்ளிருந்து அரித்து மெல்லிசாகியிருக்கும், சூடேறியதும் பிய்த்துக்கொண்டு வரும். கிராங்கின் பின்பக்கம் சிறிது ஆயில் கசிவதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அங்கே ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பிவிடும் திருகுக் காடிதான்.

ஆர்சி_புக்

இரண்டு பேரும் இரும்பைப் பார்க்கிறார்கள். ஸ்பேனர் எடுப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள் சார்.

உரிமையாளர் இறந்திருப்பதால் படிவம் 31-ல் பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றும் வேண்டும். அத்தை, சித்தப்பா கையெழுத்தை வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று நிற்கும்போது கேட்டால் நிலைமை வேறு.

காலாவதியான பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் மத்திய அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். உங்கள் வண்டிக்கு எந்த மாதத்திலிருந்து கணக்கிடுகிறார்கள் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அந்தத் தொகையை 3 லட்சத்தில் முதலில் கழியுங்கள்.

50 வருஷம் நிறைந்த வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு. பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி மாதிரியான தேவைக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. உங்கள் வண்டிக்கு 2028-ல்தான் வயசு வருகிறது.

பிரிப்பது என்று முடிவானால், வண்டி இனி ஓடாது என்பதை 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு ஆர்டிஓவிடம் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு. ஆர்.சி. புக்கையும் சேஸி நம்பர் தகட்டையும் தனியாகக் கேட்டு யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். வேறொரு வண்டி அந்த நம்பரில் ஓடும், பதில் சொல்வது உங்கள் குடும்பம்.

பிரித்து விற்கும் வருமானத்தையும் பெரிதாக நினைக்க வேண்டாம். கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் டாக்ஸி காலத்துச் சரக்கு, சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் பார்க்கலாம். மார்க் 3-க்கே உரிய கிரில், நெளியாத பம்பர், மீட்டர் போர்டு, கீறாத கண்ணாடி இவற்றைத்தான் ரெஸ்டோர் செய்கிறவர்கள் தேடுவார்கள்.

மேட்டூர்_மார்க்3

மூன்று பேருக்கும் நன்றி. பார்த்தது இது: டிரைவர் பக்க ஃப்ளோரில் இரண்டு உள்ளங்கை அளவு ஓட்டை. இடது சில் பின்கதவுக்குக் கீழ் ஒன்றரை அடி நீளம் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிறது, வலது சில் கெட்டி. டார்ஷன் பார் மெம்பரும் பின் ஹேங்கரும் "டங்" சத்தம்தான். சம்ப்பில் முக்கால் டம்ளர் தண்ணீர், பிறகு கறுப்பு ஆயில். மூன்றாவது பிளக் மட்டும் துரு. வாரிசுகள் சம்மதித்துவிட்டார்கள்.

டிங்கர்_பட்டறை

அப்ப பிரிக்காதீங்க தம்பி, செய்யுற வண்டிதான் இது.

சில்லை வெட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ரெண்டு கதவு வாய்க்கும் குறுக்கே ஒரு இன்ச் சதுரக் குழாய் வெச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க. வண்டி சமதரையில நாலு சக்கரத்து மேலயே நிக்கட்டும். இதைச் செய்யாம வெட்டினா பாடி தொங்கிடும், அப்புறம் எந்தக் கதவும் சேராது. சில்லுக்கு 18 கேஜ், ஃப்ளோருக்கு 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) தகடு. CO2 வெல்டிங்தான், கேஸ் வெல்டிங் சூட்டுல தகடு நெளியும். அழுகினது மேலயே புதுத் தகடு ஒட்டுறேன்னா வேற ஆளைப் பாருங்க. பளபளக்கிற தகடு தெரியுற வரைக்கும் வெட்டணும். மூடினதும் சில் உள்ளே வேக்ஸ் அடிச்சு, கீழே தண்ணி வடியுற துளை அடைபடாம இருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க.

பி_சீரிஸ்

மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் கலவையைத் தினமும் ஊற்றுங்கள். காத்திருக்கும் வாரத்தில் பெட்ரோல் டேங்கை இறக்குங்கள், உள்ளே பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், எதையும் கழுவித் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். என்ஜின் ஓடிய சந்தோஷத்தில் பிரேக் இல்லாமல் கேட்டைத் தாண்ட வேண்டாம்.