யூனிஃபைட் இன்பாக்ஸ், குளோபல் இன்பாக்ஸ்: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

குழுவினருக்கு வணக்கம்.

தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலிக்கான தமிழ்க் கையேட்டில் ‘கணக்குகள்’ பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. ஒரே செயலியில் மூன்று நான்கு மின்னஞ்சல் கணக்கு வைத்திருப்பவருக்கு எல்லாவற்றின் வரவையும் ஒரே பட்டியலில் காட்டுமே, அந்த யூனிஃபைட் இன்பாக்ஸ். ‘ஒருங்கிணைந்த உட்பெட்டி’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

> ஒருங்கிணைந்த உட்பெட்டி

ஐயா, எனக்கு மறுப்பு உண்டு. ‘ஒருங்கிணைந்த’ என்றதும் கலந்து ஒன்றாகிவிட்டது என்றுதான் தோன்றும். இங்கே எதுவும் கலப்பதில்லை. உள்ளே இருப்பது சேமித்து வைத்த ஒரு தேடல்; அஞ்சல்கள் அந்தந்தக் கணக்கின் உட்பெட்டியிலேயே கிடக்கின்றன. பட்டியலில் ஒன்றை அழித்தால் அதன் சொந்தக் கணக்கின் குப்பைக்குப் போகும். ஐமேப் கணக்கானால் (அஞ்சல் வழங்குநரின் கணினியிலேயே, அதாவது சேவையகத்திலேயே, தங்கும் வகை) கைப்பேசியின் உட்பெட்டியிலிருந்தும் சேர்ந்தே மறையும். இங்கே இருப்பது நகல்தானே என்று நினைத்துத் துப்புரவு செய்கிறவர் மூலத்தையே தூக்கி எறிகிறார். சொல்லே அதற்குத் துணைபோகக் கூடாது.

உண்மையிலேயே கலக்கிற வசதி வேறு. அதுதான் குளோபல் இன்பாக்ஸ். அஞ்சலை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் வகைக் கணக்குகளுக்கு மட்டும் உண்டு. கணக்கு அமைப்பில் சேவையக அமைப்புக்குப் போய் ‘மேம்பட்டவை’யைத் திறந்தால், இறங்கும் அஞ்சலை இந்தக் கணக்கின் பெட்டியில் போடுவதா, கணினியில் உள்ள பொதுவான பெட்டியில் கொட்டுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். கொட்டிய பிறகு கணக்குவாரியாகப் பிரிக்க வேண்டுமா? பெறுநர் முகவரியை வைத்து ஒரு வடிகட்டி (ஃபில்டர்) எழுத வேண்டியதுதான். பிசிசியில், அதாவது மறைநகலாக, வந்தவற்றில் அந்த முகவரி இருக்காது, வடிகட்டியில் சிக்காமல் தங்கிவிடும். சேவையகத்தில் நகலை விட்டுவைக்கும் தேர்வையும் அணைத்திருந்தால் அந்த ஒரு கணினியே கதி.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். கலப்பதற்குப் ‘பொதுப்பெட்டி’. காட்டுவதற்குத் ‘தொகுகாட்சி’, சுடுசோறு போல வினைத்தொகை, அளவிலும் சிறியது.

ஜார்ஜ்டவுன்

அம்மா, குளோபல் இன்பாக்ஸை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பொதுப்பெட்டி சரி. மலாயின் ‘பெத்தி மாசுக்’கில் உள்ள பெத்தியே நம் பெட்டிதான், அதை விட மனம் வரவில்லை.

தொகுகாட்சிதான் தயக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்தைத் திருத்த அழுத்தும் பொத்தானின் பெயர் ‘தொகு’. அந்தப் பழக்கத்தில் இருப்பவர் இதைத் திருத்தும் திரை என்று படிப்பார். ‘கூட்டுக்காட்சி’யும் தேறாது: கணக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘கூட்டு’ வந்தால் வங்கியின் கூட்டுக் கணக்குதான் நினைவுக்கு வரும். ‘ஒருங்குகாட்சி’ எப்படி?

பட்டர்வொர்த்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதே பகுதியில் ஐடென்டிட்டியை ‘அடையாளம்’ ஆக்கியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் அடையாளம் என்றால் அட்டை. நுழைவுப் பெயரையும் பயனர் அடையாளம் என்கிறோம். இது இரண்டுமில்லை. எந்தப் பெயரில், எந்த முகவரியில், எந்தக் கையொப்பத்தோடு அஞ்சல் வெளியே போகிறது என்பதே ஐடென்டிட்டி. கோயில் நிர்வாகத்தின் செயலாளர் முகவரியும் பொருளாளர் முகவரியும் ஒரே பெட்டிக்கு வந்து சேரலாம். கணக்கு ஒன்று, முகம் இரண்டு. ‘அனுப்புமுகம்’ என்று வைத்தால் என்ன?

பெயர் எதுவானாலும் கையேட்டில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் வெளியனுப்பும் சேவையகத்தைத் தனியே குறிக்க முடியும். அதைக் குறிக்காமல் விட்டுக் கோயில் முகவரியில் எழுதிய கடிதம் ஜிமெயில் சேவையகம் வழியாகப் போனால், அந்த முகவரியை ஜிமெயிலில் முன்பே உறுதிசெய்து சேர்த்திருந்தாலொழிய, அனுப்புநர் வரியில் ஜிமெயில் முகவரியே ஏறிவிடும். வேறு சில சேவையகங்கள் மறுத்துத் திருப்பும். மாற்றாமல் அனுப்பிவிட்டாலோ அனுப்புநர் முகவரி மெய்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தவறி எரிதத்தில் (ஸ்பேம்) விழக்கூடும். எழுதியவரின் திரையில் மட்டும் ‘அனுப்பப்பட்டது’ என்று இருக்கும்.

இன்னொன்று: கைப்பேசிச் செயலிகள் ‘ஆல் இன்பாக்ஸஸ்’ என்றுதான் போடுகின்றன. மெனுவில் ‘எல்லாப் பெட்டிகளும்’ போதாதா?

பிரிக்ஃபீல்ட்ஸ்

விக்கிப்பீடியாப் பொத்தான் எனக்குத் தோன்றவில்லை. தொகுகாட்சியைத் திரும்பப் பெறுகிறேன், ஒருங்குகாட்சிக்கு இசைவு.

‘எல்லாப் பெட்டிகளும்’ கைப்பேசிக்குச் சரி. தண்டர்பேர்டில் அந்தப் பட்டியலின் மேல் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால் எந்தப் பெட்டி சேர வேண்டும், எது வேண்டாம் என்று தேர்வு செய்யலாம். நான்கில் இரண்டை விலக்கியவருக்கு ‘எல்லா’ என்பது பொய்யாகிவிடும். மெனுவிலும் ஒருங்குகாட்சியே இருக்கட்டும்.

அனுப்புமுகம் எனக்குப் பிடித்திருக்கிறது. முகவரிக்குள்ளேயே முகம் இருக்கிறதே. ஆனால் ‘அனுப்புநர்’ வரிக்குப் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.